பிஷப்புக்கு ஜெபம் பண்ணிய கிருபா

அன்புள்ள ராணிக்கு,

இந்நேரம் பரலோகப் பாடகர் குழுவிலும் நீ சேர்ந்து எல்லாரையும் சுருதி தப்ப வைத்திருப்பாய். இங்கே நம் மகளுக்குக் கோயிலில் பிஷப் கையால் திடப்படுத்தல் முடிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதேதான். இனி கிருபாவும் எல்லாரையும் போல நற்கருணை வாங்கலாம்.

லேசில் நடக்கவில்லை. பதினாறு வயதானாலும் நாலு வயதுப் பேச்சுதானே. பரமண்டல ஜெபமாவது முழுசாகச் சொன்னால்தான் பிஷப் முன்னால் நிறுத்துவேன் என்று இருங்காட்டுக்கோட்டைப் போதகர் பிடிவாதமாக இருந்தார். ஷிப்ட் முடிந்து வந்து தினமும் சொல்லிக் கொடுத்தேன். 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்ற இடம் வந்ததும் எழுந்துபோய்த் தட்டோடு வந்து நிற்பாள். அதைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை. வீட்டு ஓனர் கன்னியம்மா அக்கா முறுக்கு கொடுத்தால், அம்மாவுக்கு என்று இன்னொன்று கேட்டு வாங்கி, அதையும் தானே தின்கிறாள். யாரைப் போல, சொல்?

கடைசியில் போதகர் வீட்டுக்கே கூட்டிப்போனேன். அங்கேயும் ஆகாரத்தில் நிறுத்திவிட்டு, நேரே அவர்கள் அடுக்களைக்குள் போய்த் தட்டை எடுத்து வந்துவிட்டாள். போதகர் மனைவி நம் திருநெல்வேலிப் பக்கம்தானே. இட்லியை வைத்துக்கொண்டே, "அர்த்தம் புரிஞ்சுதானே கேக்கா. இன்னும் என்ன வேணும் ஒங்களுக்கு?" என்றார். போதகர் பெயரை எழுதிக்கொண்டார்.

முன்பெல்லாம் ஊழியக்காரர்கள் வந்து, சுகமாகட்டும் என்று அவள் தலையை அழுத்துவார்களே, ஞாபகமிருக்கிறதா? அவர்கள் உனக்கு ஜெபம் பண்ணினால் நீயும் திருப்பிப் பண்ணு என்று கோபத்தில் நீ அவளிடம் சொல்லி வைத்ததை நான் மறந்தே போனேன். அவள் மறக்கவில்லை.

பிஷப் அவள் தலையில் கை வைத்தார். அவளும் எட்டி, இரண்டு கையையும் அவர் வழுக்கைத் தலையில் வைத்து அழுத்தி, "ஏசப்பா, தாத்தாவுக்குச் சரியாக்குங்க" என்றாள். கோயிலே சிரித்தது. எனக்கு வேர்த்துச் சட்டை நனைந்துவிட்டது. அவரோ அவள் கையை எடுக்கும்வரை குனிந்தே நின்று, ஆமென் சொன்னார். பார்க்க வந்திருந்த கன்னியம்மா அக்கா என் காதருகே, "ஏம்பா, பெரிய சாமியாருக்கு இன்னா ஒடம்புக்கு? பாப்பா மந்திரிச்சி வுடுது" என்று கவலையோடு கேட்டாள்.

பிறகு நற்கருணை. அப்பத்தை வாயில் போட்டுக்கொண்டு மறுபடியும் கையை நீட்டினாள்.

"அம்மாவுக்கு" என்றாள்.

போதகர் என்னைப் பார்த்தார். அவ்வளவு சட்டம் பேசிய மனிதர், இன்னொரு அப்பத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

வழக்கம்போல அதையும் அவளே தின்றுவிட்டாள். சண்டைக்கு வராதே. கம்பெனியில் ஓ.டி. வேலை இருந்தாலும் மாதாமாதம் அவளைக் கூட்டிப்போய் உனக்கும் ஒன்று வாங்க வைப்பேன், இது சத்தியம். அது உன்னிடம் வந்து சேர்வதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

உன் வீட்டுக்காரன்,
கிருபாவின் அப்பா