மடிப்புப் பிரித்த நீலக் கவுன்

என் சின்ன மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே வேளைக்குச் சாப்பிட்டு, படுத்து, எழுந்து இருக்கிறோம், அதற்குப் பேர் சுகம் என்றால் சுகம்தான். உன் சுகத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு இப்போது போன் போதவில்லை, நல்லா இருக்கேம்மா என்று நீ சொல்வது பக்கத்தில் யாரையோ வைத்துக்கொண்டு சொல்கிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். இஸ்திரி மாமாவின் அக்கா மகன் உன் கப்பலில் சலவை வேலைக்குப் புதிதாகச் சேர்கிறான், அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவன் எதிரே பிரிக்காதே. உன்னோடு தங்கியிருக்கிற பெண் அறையில் இல்லாதபோது கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படி. நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொண்டு கடைசிவரைக்கும் படி, பாதியில் எழுந்து எங்கேயும் போகாதே.

கடையில் வேலைக்குக் குறைச்சல் இல்லை. உன் கப்பல் இந்தப் பக்கம் வராவிட்டாலும், நம் துறைமுகத்தில் வேறு கப்பல் வந்து நிற்கிற நாளெல்லாம் எனக்கு மிஷினை விட்டு எழுந்திருக்க நேரம் கிடையாது. இரண்டாம் நாள் சாயங்காலச் சாப்பாட்டுக்கு ஆம்பிளைகள் கறுப்புக் கோட்டும் கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி போவும், பொம்பிளைகள் கணுக்கால் தொடுகிற கவுனும் போட்டால்தான் உள்ளே விடுவார்கள் என்று பாதிப் பேருக்குத் துறைமுகத்துக்கு வந்த பிறகுதான் தெரிகிறது, அரைக்கால் சட்டையோடு எங்கள் வாடகைக் கோட்டுக் கடைக்கு ஓடி வருகிறார்கள். போன வாரம் ஒருத்தர் வந்தார், வயிறு முதலில் வந்தது, ஆள் பிறகு வந்தார். கடையிலேயே பெரிய கோட்டை மாட்டியும் பொத்தான் எட்டவில்லை, முதுகுத் தையலைப் பிரித்து இரண்டு விரல் விட்டுக் கொடுத்தேன். அவர் பெண்சாதி பக்கத்தில் நின்றுகொண்டு, "விடாதீங்கம்மா, இறுக்கியே தைங்க, அப்பவாவது ரெண்டாவது தட்டு கேக்காம எழுந்து வருவாரு" என்றாள். கடைக்கார அக்கா சிரித்தாள், நானும் சிரித்துவிட்டேன். உன் அண்ணன் போய் ஏழு மாதத்தில் நான் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்த வாயை மூடுவதற்குள், நீலக் கவுனில் நின்று நீ அனுப்பின போட்டோ போனில் வந்தது.

அறை கூட்டித் துடைக்கிற வேலையிலிருந்து உன்னைச் சாப்பாட்டுக்கூட வாசலுக்கு மாற்றிவிட்டார்கள், யார் சரியான உடுப்பில் வருகிறார்கள் என்று பார்த்து உள்ளே விடுகிறதுதான் இனிமேல் உன் வேலை என்று எழுதியிருந்தாய். பசியோடு வந்தவனைக் காலில் கிடக்கிற செருப்பைப் பார்த்து, நீங்க மேல்தளத்துல போய்ச் சாப்பிடுங்க என்று திருப்பி அனுப்ப உனக்கு எப்படி வாய் வருமோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "பாருடி, மகாராணி மாதிரி நிக்கறா நம்ம ஒட்டகம்" என்றார். நான் உன் முகத்தைப் பார்த்தேன், தோளைப் பார்த்தேன், இடுப்பைப் பார்த்தேன், கடைசியாகக் கவுனின் அடி ஓரத்தைப் பார்த்தேன். அது தையல்காரி கண், என்ன செய்வது. அதற்கப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நிதானமாகச் சொல்கிறேன் கேள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அண்ணன் இதே கப்பலிலிருந்து லீவில் வந்தபோது நீ விடுதியில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய், உனக்கு இது தெரியாது. பெட்டியிலிருந்து ஒரு நீல சாட்டின் கவுனையும், தன் கையால் எழுதின அளவுச் சீட்டையும் எடுத்து என் மடியில் போட்டு, இதை நாலு விரல் குறைச்சுக் குடும்மா என்றான். யாரோடதுடா என்றேன். கூட வேலை செய்யற பொண்ணு, சாப்பாட்டுக்கூட வாசல்ல நிக்கறவ, குள்ளி, அவ நடந்தா துணி தரையைக் கூட்டுது என்றான். "இடுப்பு அளவைச் சொல்றே, தோள் அளவைச் சொல்றே, பேரைச் சொல்லமாட்டேங்கறியேடா" என்று கேட்டேன், காது சிவந்து போய் வெளியே எழுந்து போய்விட்டான். கம்பெனி கொடுக்கிற கவுன் எல்லாருக்கும் ஒரே மாதிரி கறுப்பு என்றும், இது அவள் தன் முதல் சம்பளத்தில் தானே போய்ப் பார்த்து எடுத்தது என்றும், பெரிய விருந்து நாளைக்கு மட்டும் போட்டுக்கொள்வாள், ஊருக்குப் போகும்போது அவள் அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வைத்திருக்கிறாள் என்றும் பிறகு சொன்னான். நானும் என் மருமகளுக்குத் தைக்கிற மாதிரிதான் தைத்தேன். துணியை வெட்ட மனசு வரவில்லை, நாலு விரலையும் உள்ளே மடித்துக் கையால் தைத்தேன். இடது பக்கம் செருப்புக் குதி பட்டு ஒரு இடத்தில் கிழிந்திருந்தது, உள் தையலில் இருந்த துணியிலேயே நகக்கண் அளவுக்கு அரைவட்டமாக ஒரு ஒட்டுப் போட்டேன். சாட்டினில் ஊசி போன வழி மூடாது மகளே. பிரித்தாலும், துவைத்தாலும், இஸ்திரி போட்டாலும் புள்ளி புள்ளியாக நிற்கும்.

நீ போட்டிருக்கிற கவுனில் அந்தப் புள்ளி நிற்கிறது. நம்பாமல் போட்டோ கடைக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியிலிருந்து நாலு விரலுக்கு மேலே கோடு ஓடுகிறது, கோட்டுக்குக் கீழே துணி வெளுக்காமல் புதுசாக இருக்கிறது, இடது பக்கம் என் ஒட்டு இருக்கிறது. நீ உயரம் என்பதால் யாரோ மடிப்பைப் பிரித்துவிட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் போனில், கவுன் ஏதுடி என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேனே, நீ என்ன சொன்னாய், "புதுசும்மா, எங்க தலைவர் எனக்குன்னே வாங்கிக் குடுத்தார்" என்றாய். உனக்கு முன்னால் அந்த வாசலில் நின்றவள் யார் என்று கேட்க வாய் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணன் லீவு முடிந்து போன நாலைந்து மாதத்தில் அந்தக் குள்ளி கப்பலில் இல்லை. அவ அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு நடுவழியிலேயே இறங்கிட்டா, சாமான் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா என்று சாப்பாட்டுக்கூடத் தலைவர் சொன்னாராம். அண்ணன் அவரைக் கைக்குட்டை என்றுதான் சொல்வான், கோட்டுப் பையில் தினம் ஒரு நிறத்தில் மடித்துச் செருகிக்கொண்டு வருவாராமே, உன் போட்டோவில் பின்னால் நிற்கிறவர்தான் என்று நினைக்கிறேன். எங்கிட்ட சொல்லாம போகமாட்டாம்மா, போனும் போகமாட்டேங்குது என்று அண்ணன் எத்தனையோ தடவை புலம்பினான். நான் என்ன சொன்னேன் தெரியுமா, பொண்ணுங்க மனசு மாறும்டா, விட்டுத் தள்ளு என்றேன். கடைசியாகப் பேசினபோது, அவர்கிட்டயே நேரா போய்க் கேக்கப் போறேன் என்றான். "கேளேன்டா, கேட்டா கிரீடமா இறங்கிடும்" என்றேன். இதே வாயால்தான் சொன்னேன். நாலாம் நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது, விருந்து வேலை முடிந்து பின்தளத்துக்குக் காற்று வாங்கப் போனவன் கால் தவறிக் கடலில் விழுந்துவிட்டான், தேடியும் கிடைக்கவில்லை என்றார்கள். அவனுடைய பெட்டியில் வெள்ளைக் கோட்டு இரண்டு வந்தது, காலரில் அவன் கழுத்து அழுக்கு அப்படியே இருக்கிறது, நான் துவைக்கவில்லை.

அந்தக் கைக்குட்டைக்காரர் அப்போது நமக்கு எவ்வளவு நல்லவராகத் தெரிந்தார் என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. உங்க மகன் எனக்குத் தம்பி மாதிரி, அவன் இடத்துக்கு உங்க மகளை அனுப்புங்க, நான் பாத்துக்கறேன் என்று தன் கையால் எழுதியிருந்தார். நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை, விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டது நான். ஒரு பிள்ளையைக் கொடுத்த இடத்துக்கே இன்னொரு பிள்ளையை அனுப்பிவிட்டு மூன்று மாதமாகக் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். கப்பலில் இருபது வருஷம் சலவை பார்த்தவர் என்று இஸ்திரி மாமாவிடம் போய், யார் எவர் என்று சொல்லாமல், இறங்கிப் போகிற ஆள் துணியை விட்டுவிட்டுப் போவது உண்டா என்று கேட்டேன். பழைய சட்டையை விடுவாங்க, காலுறையை விடுவாங்க, ஆசைப்பட்டு எடுத்த உடுப்பை எவளும் விட்டுட்டுப் போகமாட்டாம்மா, பெட்டியில எடம் இல்லேன்னா மேல மாட்டிக்கிட்டாவது போவா என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தவர், அக்கா மகன் உன் கப்பலில் சேரப்போகிற விஷயத்தை அவரே சொன்னார். அப்பாவிடம் சொன்னபோது, துணி சாட்சி சொல்லுமாடி, உனக்குப் பிள்ளை போன துக்கத்துல புத்தி பேதலிச்சுப் போச்சு என்று கத்தினார். நான் போட்டோவையும் பூதக்கண்ணாடியையும் அவர் முன்னால் வைத்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நேரம் பார்த்தார். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் நட்டும் போல்ட்டும் பார்த்த கண் அவருக்கு, ஒருத்தர் கழற்றி மாட்டினது தெரியாமல் போகாது. எழுந்து வந்து, கப்பல் அடுத்தது எங்கே நிக்கும் என்று மட்டும் கேட்டார்.

இனி நான் சொல்கிறபடி செய். அண்ணனைப் பற்றியோ அந்தப் பெண்ணைப் பற்றியோ யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காதே. கேட்டவனுக்கு என்ன ஆனது என்று பார்த்துவிட்டோம். அந்தக் கவுனைக் கழற்றி வைத்துவிடலாம் என்று நினைப்பாய், இதைப் படித்த பிறகு அதைத் தொடவே உனக்குக் கை கூசும், ஆனாலும் பெரிய விருந்து நாளில் எப்போதும் போல அதையே போட்டுக்கொண்டு வாசலில் நில். திடீரென்று போடாமல் விட்டால் அவர் ஏன் என்று யோசிப்பார். எப்போதும் எப்படிச் சிரிப்பாயோ அப்படியே சிரி. கவுன் நன்றாக இருக்கிறது, அம்மா பார்த்துச் சந்தோஷப்பட்டாள் என்றுகூடச் சொல். பெற்றவள் எழுதுகிற புத்தியா இது என்று நீ கேட்பாய், என்ன செய்வேன். வேலை முடிந்ததும் மற்றப் பெண்களோடு சேர்ந்தே அறைக்குப் போ, பின்தளத்துக்கு யார் கூப்பிட்டாலும் போகாதே, சளி பிடித்திருக்கிறது, காற்று ஒத்துக்கொள்ளாது என்று சொல். அவர் தனியாகக் கொடுக்கிற எதையும் குடிக்காதே.

மாமாவின் அக்கா மகன் ஏறின பிறகு வருகிற முதல் துறைமுகத்தில் கப்பல் நிற்கிற அன்றைக்கு உங்களை மத்தியானம் நாலு மணி நேரம் வெளியே விடுவார்கள் என்று மாமா சொன்னார். அன்றைக்கு நீ இறங்கி வந்துவிட வேண்டும். பெட்டியை எடுக்காதே, பெரிய பை எடுத்தால் எங்கே என்று கேட்பார்கள். அந்தக் கவுனைச் சாட்சிக்கு எடுத்து வரலாமா என்று யோசிக்கவே யோசிக்காதே, என்னிடம் போட்டோ இருக்கிறது, அண்ணன் கையால் எழுதிக் கொடுத்த அளவுச் சீட்டு என் தையல் நோட்டில் இருக்கிறது. நீ கரையில் நின்ற பிறகு அதையெல்லாம் கொண்டுபோய் யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டுகிறேன். இப்போதே வாயைத் திறந்தால் சேதி முதலில் உன் கப்பலுக்குத்தான் போகும், அதனால்தான் கல்லாகக் கிடக்கிறேன். எங்கேயோ ஒரு ஊரில் அந்தப் பெண்ணின் அம்மாவும் மகள் இன்றைக்காவது பேசுவாள் என்று நினைத்துக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருப்பாள், அவளுக்கும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்பா அங்கே வருகிறார். நம் ஊர் எல்லையைத் தாண்டினால் வயிற்றைக் கலக்கும் என்று சொல்கிறவர், பாஸ்போர்ட்டுக்கு ஓடி, டிக்கெட் வாங்கி, கப்பல் வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே போய்விடப் போகிறார். துறைமுகத்துப் பெரிய கேட்டுக்கு வெளியே, இடது கைப் பக்கம், கப்பல் வேலைக்காரர்கள் தங்குகிற விடுதி இருக்கிறதாம், அதன் வாசலில் காலையிலிருந்தே நிற்பார். நேரம் ஆகிவிட்டது, இன்றைக்கு முடியவில்லை, அடுத்த ஊரில் பார்க்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதே, அடுத்த ஊருக்கு நடுவில் ஒன்பது நாள் வெறும் கடல். உனக்கு எந்தக் குறையும் வராமல் அந்தக் கேட்டைத் தாண்ட வேண்டும், அதற்குப் பிறகு நூறு வருஷம் நீ நன்றாக இருப்பாய், என் வயிறு அதைச் சொல்கிறது. படித்ததும் இதைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கக்கூசில் போட்டுத் தண்ணீர் விட்டுவிடு. பாஸ்போர்ட்டைக் கப்பல் ஆபீசில் வாங்கி வைத்திருந்தால் அதற்காகக் காத்திருக்காதே, கட்டின துணியோடு வா. அப்பாவைத் தூரத்தில் பார்த்ததும் உனக்கு அழுகை வரும், ஓடத் தோன்றும். ஓடாதே கண்ணு, ஓடினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். கேட்டைத் தாண்டுகிறவரைக்கும் நடந்தே வா.

இப்படிக்கு,
உன்னைத் திரும்பக் கேட்கிற
அம்மா