மதிவதனியின் முழங்கால்

அன்புள்ள சொர்ணத்துக்கு, இதை நானே எழுதுகிறேன். நலம். உன் இருமல் நின்றதா?

நான் காவல் இருக்கும் அம்பத்தூர் ஷெட்டில் நடனப் படம் எடுக்கிறார்கள். நடனக்காரர் சங்க அட்டைகூட இல்லாத மதிவதனி என்ற பெண்ணுக்கு முதல் வரிசையில் ஆட இடம் கிடைத்தது. அந்த இடத்தை இழந்தவன் இரும்புக் கம்பியோடு வந்து அவள் முழங்காலைக் குறிவைத்தான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"யோவ் பெர்சு, நவுரு! உனுக்கு இன்னா வந்துச்சு?"

நான் நகரவில்லை. கம்பி என் இடது கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. உடனே கூட ஆடும் பிள்ளைகள் அவனைப் புரட்டி, பல் உடைய மிதித்தார்கள். தரையெல்லாம் ரத்தம். அதைக் கழுவிவிட்டு மாலையில் அவள் ஆடினாள். அப்படி ஓர் ஆட்டம், சொர்ணம்!

பயப்படாதே, எழுதும் கை நன்றாக இருக்கிறது. ஒரு கையால் வேட்டி கட்டத்தான் முடியவில்லை. மூட்டிய கைலி இரண்டு கொண்டு வா. கைலி கிடைக்காவிட்டால் நீ மட்டும் வந்தாலும் போதும்.

கேட் திறக்கக் கூப்பிடுகிறார்கள்.

உன்
உத்தமன்