நான்கு பேர் மட்டும் மிஞ்சிய வம்சப் புத்தகம்

லான்காஸ்டர்,
1984 செப்டம்பர் 6

கர்த்தருக்குள் அன்பான தங்கை லேனாவுக்கு அக்கா சலோமி எழுதுவது.

இங்கே நலம். மூட்டுவலிக்கு மட்டும் என்னை விட்டுப் பிரிய மனமில்லை. ஆரிகனில் நீயும் வால்டரும் பிள்ளைகளும் சுகந்தானே? சோளம் நன்றாக வந்திருக்கிறது. ஆப்பிளை வேகவைத்து ஆப்பிள் பட்டர் கிளறி முப்பது ஜாடி அடைத்துவிட்டேன். இதை எழுதவா உட்கார்ந்தேன்? ஒரு காரியம் செய்துவிட்டேன் லேனா, அதைச் சொல்ல வேண்டும்.

நம் சித்தப்பா மகன் அப்னர் பிஷப் ஆனதும் செய்த முதல் வேலை, லூத்தரன் சபைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டாய் என்று உன்னைச் சபை விலக்கம் செய்ததுதான். இருபத்தேழு வருஷம் ஆயிற்று. அம்மாவை அடக்கம் செய்த அன்று, விலக்கப்பட்டவள் எங்களோடு சாப்பிடக் கூடாதென்று உனக்குச் சமையலறை மூலையில் தனி மேசை போடச் சொன்னான். தட்டைக் கொண்டுவந்து வைத்தவள் நான். நீ சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய். அன்று பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை.

போன குளிர்காலத்தில் அவனே என் வீடு தேடி வந்தான். நம் முன்னோர் கிறிஸ்டியன் ஷெங்க் இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்து இறங்கி இருநூற்றைம்பது வருஷம் ஆகிறதாம். ஆகஸ்ட் குடும்பக் கூட்டத்துக்கு வம்சப் புத்தகம் வேண்டுமாம். பழைய ஜெர்மன் கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவள் நான்தான் என்று குழைந்தான். உன் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "விலக்கப்பட்டவ பேரு எதுக்கு? அவளும் வேணாம், அவ வழியில வந்த ஒரு உசிரும் வேணாம். யாரா இருந்தாலும் இதான் விதி. முன்னுரையிலயே எழுதிடறேன். நீ நான் சொன்னத மட்டும் செய்" என்றான்.

சரி அண்ணா என்றேன். சொன்னதை மட்டும்தான் செய்தேன்.

ஆறு மாதம் கோர்ட்டில் பழைய உயில்களையும், கையோடு கொண்டுபோன சபைப் பதிவேட்டையும் புரட்டினேன். கிறிஸ்டியனுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் யாக்கோபு, சபைக்கு உண்மையானவர். அவர் வழிதான் நாம் என்று அப்னர் பிரசங்கத்தில்கூடப் பீற்றிக்கொள்வான். அந்த யாக்கோபின் உயில் கிடைத்தது. தமக்குப் பிள்ளை இல்லாததால் நிலத்தைத் தம்பி பெனடிக்டின் மகன் உல்ரிக்குக்குக் கொடுப்பதாக எழுதியிருக்கிறார். நம் எல்லாருக்கும் மூதாதை அந்த உல்ரிக். பெனடிக்ட் என்ன ஆனார் என்று பதிவேட்டில் தேடினேன். 1777இல் ஆயுதம் தொடக் கூடாதென்ற சபை விதியை மீறித் துப்பாக்கி தூக்கிப் போருக்குப் போனதற்காக விலக்கப்பட்டார், மனந்திரும்பாமலே இறந்தார் என்று இருக்கிறது. கோர்ட் என்றும் பாராமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

பிறகு அப்னரின் விதிப்படி வெட்டினேன். பெனடிக்டும் அவர் வழியில் வந்தவர்களுமாக ஆயிரத்து நூறு பேர் போனார்கள். கிறிஸ்டியன், யாக்கோபு, அவரவர் மனைவி, இந்த நான்கு பேர்தான் மிச்சம். முதலில் அவன் முன்னுரை, அடுத்து நான்கு பெயர், கடைசியில் உயிலும் பதிவேட்டு வரியும். அச்சுக்குப் போகுமுன் அப்னரைப் பார்க்கச் சொன்னேன். "எனக்கு வேலை தலைக்கு மேல கெடக்கு, நீயே பாத்துக்க" என்றான். பார்த்துக்கொண்டேன்.

கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் பெட்டியைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தான். முன்னுரையைத் தானே கம்பீரமாக வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினான். நான்கு பெயரைப் பார்த்துவிட்டு மீதிப் பெயர்களைத் தேடி முன்னும் பின்னும் புரட்டினான். யோனாஸ் மாமாவுக்குத் தொண்ணூறு வயது, யாருக்கும் பயமில்லை. "ஏம்ப்பா அப்னர், உன் கணக்குப்படி நீயே பொறக்கலியே?" என்றார். பெண்கள் முக்காட்டுத் தொப்பியின் நாடாவை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அப்னர் என்னிடம் வந்து, "ஏன் சலோமி இப்படிப் பண்ணின?" என்றான். நீங்கள் சொன்னதைத்தான் அண்ணா என்றேன்.

பழிவாங்குவது கர்த்தரின் வேலை என்று நமக்குப் பாலோடு ஊட்டி வளர்த்தார்கள். அவர் இருபத்தேழு வருஷம் பொறுத்தார். எனக்கு அவ்வளவு ஆயுசு இல்லை.

நேற்று சபையிலிருந்து இருவர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னும் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார்களாம். கேட்காவிட்டால் எனக்கும் விலக்கம். நான் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று உண்டு, அது உன்னிடம். அன்று தட்டை வைத்துவிட்டு உன் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நடந்தேனே, அதற்கு.

நவம்பரில் நன்றியறிதல் நாளுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. விலக்கப்பட்டவளோடு விலக்கப்பட்டவள் உட்கார்ந்து சாப்பிடக் கூடாதென்று அவர்களிடம் விதி இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். கர்த்தர் உன் வழிப்பயணத்தைக் காப்பாராக. வந்துவிடு லேனா.

உன் அக்கா,
சலோமி