தெரியாது என்று நீ சொன்ன வகுப்பு

இன்று காலை ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் செண்பகப் பூ வாசனை. யாரோ ஒரு மாணவி கொண்டுவந்து கொடுத்ததாம். நீ பூவைத் தலையில் வைக்க மாட்டாய். மேஜைமேல் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிடுவாய். நீ போன பிறகு வந்த முதல் கோடை இது. அங்கே இருக்க முடியாமல் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

எனக்குக் கோயிலுக்குப் போகாமல் வெள்ளிக்கிழமை கழியாது. நீ சொந்த ஊரான கொள்ளேகாலை விட்டு வந்தபோதே சாமி கும்பிடுவதையும் விட்டவள். அப்படியும் இந்த விஜயநகர் பள்ளியில் நாம் ஒட்டிக்கொண்டோம்.

ஸ்ரீரங்கப்பட்டணம் சாலை விபத்தில் அப்பாவை இழந்த சுமா, ஏழாம் வகுப்புக்குத் திரும்பி வந்த நாளில் நடந்ததை அன்று மதியமே என்னிடம் சொன்னாய். உன் அறிவியல் பாடத்தின் நடுவே எழுந்து, அப்பா இப்போது எங்கே இருக்கிறார் என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறாள். நானாக இருந்தால் சாமியிடம் இருக்கிறார் என்றிருப்பேன். நீ, "நனகூ கொத்தில்ல புட்டி" என்றாய். எனக்கும் தெரியாது குட்டி என்று. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாய். மணி அடிக்கும்வரை வகுப்பில் யாரும் பேசவில்லையாம்.

அதன்பின் வாரம் ஒருமுறை அந்த வகுப்புக்கு அப்படி ஒரு நேரம் வைத்தாய். கொஞ்ச நேரம் சும்மா இருப்பது. விருப்பப்பட்டவர்கள் மனதில் இருப்பதைச் சொல்வது. எந்தச் சாமியையும் நீ அழைக்கவில்லை, எந்தச் சாமியையும் மறுக்கவுமில்லை. ஸ்லோகம் ஏன் இல்லை என்று சில பெற்றோர் வந்தார்கள். யாருடைய தியானத்தை எங்கள் பிள்ளைமேல் திணிக்கிறீர்கள் என்று வேறு சிலர். நிர்வாகி நிறுத்தச் சொன்னார். உன்னோடு சேர்ந்து நானும் அவரிடம் வாதாடிப் பார்த்தேன், பலிக்கவில்லை. படியிறங்கும்போது சொன்னாய்: "சாமியப் பத்தி வீட்டுல சொல்லிக் குடுக்கட்டும் புள்ள. துக்கத்தோட எப்படி உக்காந்திருக்கறதுன்னு எங்க போயிப் பழகும் இதுங்க?"

அந்த நேரத்தில் இப்போது நீதிபோதனை நடக்கிறது. அதற்குத் தேர்வும் உண்டு.

உன் நோய் முற்றியபோது, விபூதி வைக்கட்டுமா என்று தயங்கிக் கேட்டேன். "உனக்கு ஆறுதலா இருந்தா வெய்யி" என்றாய். பயமாக இருக்கிறதா என்றேன். "இருக்குது. பேசாம கொஞ்ச நேரம் உக்காரு."

சடங்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். உன் தம்பிகளுக்கு மனம் கேட்கவில்லை, எல்லாவற்றையும் செய்தார்கள். நீ கோபித்துக்கொண்டிருக்க மாட்டாய். கல்லூரியிலிருந்து சுமா வந்திருந்தாள். ஆறுதல் எதுவும் சொல்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னை எடுக்கும்வரை என் கையைப் பிடித்திருந்தாள்.

வகுப்பில் ஒரு பிள்ளை கண்கலங்கினால் இப்போதும் என் வாயில் சாமி பெயர்தான் முதலில் வருகிறது. அதை விழுங்கிக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருகிறேன். உன்னைப் போல எனக்கு வரவில்லை; சீக்கிரமே ஏதாவது பேசிவிடுகிறேன். ஆனாலும் உட்காருகிறேன்.