அது கமுகு இல்லை, அப்பா

கப்பல் கரி படிந்த கையால் என் கன்னத்தைக் கிள்ளும் என் அப்பாவுக்கு,

எல்லோரும் தூங்குகிறார்கள். விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரியப்பா இருமும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது.

நாளை மறுநாள் அக்காவுக்குக் கல்யாணம். பசுந்தாங் பேட்டை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பந்தல் வாசலில் வாழை கட்டிவிட்டார்கள். இருபுறமும் கமுகும் வேண்டுமாம்.

"ஒண்ணு சந்தையில கிடைச்சுது. இன்னொண்ணுதான் கொல்லையிலயே நிக்குதே, காலையில வெட்டிக்கலாம்" என்றார் பெரியப்பா.

உங்கள் மரத்தைத்தான் சொல்கிறார். கப்பல் தண்ணீர் பிடிக்க நின்ற தீவிலிருந்து, சோற்றுத் தூக்கில் வைத்து நீங்கள் கொண்டுவந்த கன்று. பெரிய த்வாண்டே மண்ஜாடியில் நட்டீர்களே, இப்போது என் தலையைத் தாண்டிவிட்டது.

"அது கமுகு இல்ல பெரியப்பா" என்றேன்.

"பாக்கு மரம் மாதிரிதானே இருக்கு? மரத்துக்கு வக்காலத்து வாங்கவா உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்புறேன்?"

அம்மா குனிந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் கண்மூடியபின் எங்களுக்குச் சோறு போடுகிறவர் பெரியப்பாதான். அம்மா என்ன சொல்வாள்?

சாயங்காலம் உங்கள் கப்பல் சிநேகிதர் கோ பா டின் அக்காவுக்குப் பட்டுத் துணி கொண்டுவந்தார். கொல்லைக்குப் போய் மரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்தத் தீவுல இப்போ பூரா தென்னந்தோப்பு, செல்லம். தோப்பு போட காட்டையெல்லாம் எரிச்சிட்டாங்க. உங்கப்பா நெனப்பா தேடிப் பார்த்தேன். இந்த மரம் ஒண்ணுகூட இல்ல."

அப்படியென்றால் இது மட்டும்தானா, அப்பா? தெரிந்துதான் கொண்டுவந்தீர்களா? இல்லை, அழகாக இருக்கிறது என்று சும்மா பிடுங்கி வந்தீர்களா?

அவர் போனபின் மட்டையை விலக்கிப் பார்த்தேன். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பாளை. முதல் பாளை. தனி மரம் காய்க்குமா, எனக்குத் தெரியவில்லை. வெட்டினால் காய்க்காது என்பது தெரியும்.

அரிவாள் இப்போது என் பாய்க்கடியில் இருக்கிறது. ஆனால் ஒளித்து என்ன பயன்? பக்கத்து வீட்டில் இன்னொன்று வாங்கிக்கொள்வார்.

அதனால் விடிந்ததும் நானே அதை அவர் கையில் கொடுப்பேன். "வெட்டாதீங்க பெரியப்பா, ஜாடியோடயே வாசல்ல நிறுத்திடலாம்" என்பேன். குரல் வராவிட்டால் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன். அதற்குக் குரல் வேண்டாமே.

அது காய்த்தால், முதல் விதை கோ பா டின்னோடு கப்பலேறி அந்தத் தீவுக்கே போகும். இது சத்தியம், அப்பா.

பயந்தபடியே உங்கள் பக்கம் நிற்கும் சின்ன மகள்,
செல்லம்