யாரைப் பேச விடவில்லை?

ஆகஸ்ட் 4, திங்கள். தூறல்.
காலேஜ் வகுப்பு ஜன்னல் திரை துவைத்து, காயாமலே மாட்டியாச்சு. ஆப்பிரிக்கா சரித்திரத்தை மேடம் படம் போட்டு நடத்துகிறார். லைட் அணைப்பது, குறட்டை கேட்டால் லைட் போடுவது, இரண்டும் ஆயாவான என் வேலை.

அந்தக் காலத்து வெள்ளைக்காரன் எடுத்த படம். முதலில் சத்தமில்லாமல் ஓட்டினார். தலையில் விறகுக்கட்டோடு ஒரு பொம்பளை, காமிராவைப் பார்த்து ஒரு முறைப்பு. அப்புறம் சத்தத்தோடு. "இந்த ஜனங்க சிரிச்சுக்கிட்டே வேலை செய்வாங்க" என்று அவன் பேசுகிறானாம், மேடம் கன்னடத்தில் சொன்னார். வகுப்பே சிரித்தது. தான்சானியாவிலிருந்து வந்து படிக்கிறவன், "சுள்ளு மேடம், சுள்ளு!" பொய்யாம். ஆட்டோக்காரர்களிடம் பழகிய கன்னடம்.

மேடம் கேட்டது: படத்தில் யார் பேசறாங்க? யாரைப் பேச விடலை?

மணி அடித்தது, லைட் போட்டேன்.

6, புதன். வெயில். முதுகு வலி.
ஹனூரிலிருந்து கொழுந்தனார் செந்தில் போன். ஞாயிறு என் வீட்டுக்காரருக்கு வருஷ திவசம். கல்யாணம் காட்சியில் எடுத்ததையெல்லாம் ஒட்டி வீடியோ பண்ணியிருக்கிறார். "பாருங்க அண்ணி. அழுவாம இருக்க மாட்டீங்க."

பார்த்தேன். அழுகை வரவில்லை. இவர் வாய் அசைகிறது, பேசுவது செந்தில். "அதிர்ந்து பேசாதவர். கோபமே அறியாதவர்." பின்னால் புல்லாங்குழல்.

யார் அந்த ஆள்? என் வீட்டுக்காரர் ஹெப்பாளில் கம்பெனி பஸ் ஓட்டினார். ஹாரனுக்கு முன்னால் அவர் வாய் கேட்கும்.

ஒரு வருஷமாக எல்லாரும் தங்கமான மனுசன் என்கிறார்கள். எனக்கு அவர் குரல் மறந்துகொண்டு வருகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

7, வியாழன்.
மாவு புளித்துவிட்டது. செந்திலுக்குப் போன்.

"தம்பி, உங்க பேச்சையும் குழலையும் எடுத்துடுங்க."

"அய்யோ அண்ணி, அதை எடுத்தா அண்ணன் கத்தறது கேக்கும்."

"கேக்கட்டும்."

"செத்தவங்களப் பத்தி நல்லதாத்தானுங்க பேசோணும்?"

"நீங்க பேசறீங்க. அவரைப் பேச விடலையே."

போனை வைத்துவிட்டார். நான் பேசியது மேடம் மாதிரி இருந்தது. கொஞ்சம் பயம், கொஞ்சம் பெருமை.

9, சனி. மழை.
வாங்க: மைசூர்பாக்கு (மாமியாருக்கு. பல் இல்லை, மெதுவானதாக), வெற்றிலை, குடைக்குக் கம்பி.
கொள்ளேகால் பஸ். மாதேஸ்வரன் மலைக்குப் போகிற கூட்டம், மொட்டைத் தலை ஒன்று என் தோளில் சாய்ந்து தூங்கிற்று. ஹனூர் வந்ததும் செந்தில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "எடுத்துட்டேன். அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

10, ஞாயிறு.
பூஜை முடிந்தது. பந்தலில் டிவி. சொந்தமெல்லாம் கைக்குட்டையோடு தயாராக.

முதலில் நாதஸ்வரம், பிள்ளைகள் இரைச்சல். அப்புறம் அவர். நாத்தனார் கல்யாணப் பந்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே காமிராவைப் பார்த்து: "டேய் செந்திலு! போட்டா புடிச்சது போதும், எலையப் போடுறா! எத்தன நேரமா ஆளு உக்காந்திருக்குது, கண்ணு தெரியலயா உனக்கு!"

செந்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து இலைக்கட்டை நோக்கி ஓடினார். பாதி வழியில்தான் நின்றார்.

பந்தலே சிரித்தது. எனக்கு அப்போதுதான் வந்தது அழுகை, கட்டுக்கடங்காமல்.

மாமியார் மட்டும் டிவியை விட்டுக் கண் எடுக்கவில்லை. "இன்னொருக்காப் போடு சாமி. எம்பையன் வையறதக் கேக்கோணும்."