வெறுந்தண்ணீரில் ஓடும் மிஷின்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினோரு வீடு. எங்கள் கம்பெனிப் படிவத்தில் இருப்பது ஒரே கேள்விதான், இருபது விதமாக: வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது, அடுத்து என்ன வாங்க ஆசை. கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வருகிறாள். நாலு வருஷம் முன்பு மாற்றலாகிப் போனபோது அவளுடைய பிரிட்ஜைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் விட்டுப்போனாள். உள்ளே இருந்த கண்ணாடித் தட்டை உடைத்தது நான்தான். நம் வீட்டுக்கு வரும்போதே பிரிட்ஜ் அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடு என்கிறார் இவர். சொல்லிவிடலாமா?

மார்ச் 5, வியாழன்

இதை எப்படி எழுதுவது?

மூன்றாவது மாடியில் ஒரு தையல்காரம்மா வீடு. ஒரே அறை. மூலையில் வாஷிங் மிஷின், அதற்குப் பூப்போட்ட உறை. பக்கத்திலேயே வாளியில் துணி ஊறுகிறது. அந்தம்மா கையெல்லாம் சோப்பு நுரை. ரிப்பேரா என்று கேட்டேன். நன்றாகவே ஓடுமாம். எதிர்வீட்டு டீச்சர் வெளிநாடு போகும்போது பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போனதாம். போய் ஆறு வருஷம்! சும்மா கிடந்தால் கெட்டுவிடும் என்று மாதம் ஒருமுறை வெறுந்தண்ணீர் விட்டு ஓட்டுகிறாராம்.

அந்தத் தண்ணீரிலேயே நாலு துணியைப் போட்டால் என்ன என்று கேட்டுவிட்டேன்.

"பாத்துக்கத்தான் சொன்னாங்க. போட்டுக்கச் சொல்லலையேம்மா."

அதில் பெருமைகூட இல்லை. திரும்பவும் துவைக்க உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்படியும் மனுஷங்க இருக்காங்களா? 'வாஷிங் மிஷின் – இல்லை' என்று படிவத்தில் குறித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

பிரிட்ஜைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 7, சனி

சொல்லிவிடப் போகிறேன். இவரிடமும் சொல்லியாயிற்று, உன் இஷ்டம் என்றார். அம்மா போனபிறகு எனக்கென்று இருப்பது அக்கா ஒருத்திதான். அவளும் முகத்தைத் திருப்பிக்கிட்டா? – ஐயோ, நினைக்கவே பயமா இருக்கு.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டே போய் பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். மாற்றலாகிப் போன அந்த வருஷமே அவள் அங்கே வேறு வாங்கிவிட்டாளாம். எனக்குத் தெரிந்தால் இதை இனாமாக வாங்கிக்கொள்ள மாட்டேன், திருப்பி அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன் என்று மூச்சுவிடாமல் இருந்திருக்கிறாள்.

ஒரே வாரத்தில் இரண்டு பெண்கள். நான் பிரமித்துப்போய் நிற்கிறேன், அவளோ திட்ட ஆரம்பித்தாள்.

"உடைஞ்சா மாத்த மாட்டியா? உன் வீட்டுச் சாமானை இப்படியா வெச்சுக்குவ?"

தட்டுக்கு அளவெடுக்க டேப் கேட்டாள். அழுதுகொண்டே தேடிக் கொடுத்தேன்.